அறுபத்துநாலு குதிரைத்திறன்

பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி, தலைக்கு மேல் சுழலும் இறக்கையால் பறக்கும், இரண்டு பேர் உட்காரும் கைரோப்ளேன் என்ற குட்டி விமானம் ஒன்றை என் கையாலேயே கட்டினேன்.

"நூறு குதிரைத்திறன் இன்ஜின் வாங்கியிருக்கலாமேங்க?" என்றாள் மனைவி.

"அறுபத்துநாலே ஜாஸ்தி. நீ கொஞ்சம் இளைச்சா, பைலட்டையும் உன்னையும் ஜம்முனு தூக்கிடும்."

பாவம், ஆறு மாதம் அரை வயிறு சாப்பிட்டு ஒன்பது கிலோ குறைத்தாள்.

சோதனைகள் எல்லாம் முடிந்து, எங்களை ஒவ்வொருவராக அழைத்துப்போக வந்த பைலட், முதலில் எங்கள் இருவருக்கும் எடை பார்த்தார்.

"மேடம், நீங்க ஏறுங்க. சார், உங்களை இந்த இன்ஜின் தூக்காது. பதினோரு கிலோ அதிகம்."

"போன வருஷம் சரியாத்தானே இருந்தேன்!"

மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆறு மாசமா நான் சாப்பிடாம வச்சதையெல்லாம் யாருங்க சாப்பிட்டது?"

நான் தொப்பையை எக்கிக்கொள்வதற்குள் அவள் மரங்களுக்கு மேலே போய்விட்டாள்.