பின்கண்ணாடிக்கு ஒரு மோட்டார்

முன்சீட்டிலிருந்து பட்டனை அழுத்தியதும் பிக்கப் வண்டியின் பின்கண்ணாடி முனகாமல் நகர்ந்து திறந்தது.

அதற்கு நேர் பின்னால், சரக்கு ஏற்றும் இடத்தில் மெத்தை போட்டுப் படுத்திருந்த செபாஸ்டியன், தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டார்.

கிள்ளான் நகரில் இருபது வருடமாகக் கார்களுக்கு வயரிங் பார்க்கிறவர். டிவி ஏரியலைத் திருப்பக் கூரையில் ஏறி விழுந்ததில், இடது காலில் இடுப்புவரை மாவுக்கட்டு. மடக்க முடியாத அந்தக் கால் முன்சீட்டுக்குள் நுழையாது. அதனால் பின்னால் அவர், ஸ்டியரிங்கில் மனைவி சாந்தமேரி.

சாந்தமேரியிடம் லைசென்ஸ் இருந்தது. பதினெட்டு வருடமாக பீரோவில் இருந்தது. வண்டியை அவர் கொடுத்தால்தானே!

இன்று பிரிக்பீல்ட்ஸ் தேவாலய மண்டபத்தில் மகள் வெரோனிகாவுக்கு நிச்சயதார்த்தம். பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். அவர்களுக்கான நெய்ச்சோறும் கோழிக்கறியும் செபாஸ்டியனின் காலருகே பானைகளில் இருந்தன.

போன ஞாயிறு ஒத்திகை பார்த்தார்கள். வழியிலுள்ள பத்து தீகா டோல் சாவடியில் செபாஸ்டியன் கண்ணாடியைக் கையால் தள்ளித் திறந்து, கிளட்ச், கியர், பிரேக் என்று உள்ளே கத்தினார். கத்தக் கத்த வண்டி அணைந்தது. மூன்று முறை. பின்னால் நின்ற லோரிகள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன.

வீடு திரும்பியதும் சாந்தமேரி சாவியை மேசையில் வைத்துவிட்டு அழுதாள். இனி தொடமாட்டேன் என்றாள்.

மறுநாள் காலையில் அவளே ஒரு யோசனையோடு வந்தாள்.

"படுத்துக்கிட்டே எக்கி எக்கி கண்ணாடியைத் தள்ளுறீங்க, பாக்கப் பாவமா இருக்கு லா. ஒரு மோட்டார் போட்டுடுங்களேன். பட்டன் என் பக்கம் இருந்தா நானே தொறந்து விட்டுருவேன்."

செபாஸ்டியன் உருகிப்போனார்.

பழைய கார் உடைக்கிற கடையிலிருந்து கதவுக் கண்ணாடி மோட்டார் ஒன்றை வரவழைத்தார். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு நான்கு நாள் உழைத்தார். கையால் தள்ளினால் அசையாதபடி பல்சக்கரம் பூட்டினார். இனி எதற்கு என்று வெளிப்பக்கம் ஒட்டியிருந்த கைப்பிடியையும் பிய்த்துப் போட்டார். தன் வயரிங் கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், மனைவிக்குத் தன்மேல் இருக்கும் பாசத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார்.

இதோ, அதே டோல்.

வரிசை நின்று நின்று நகர்ந்தது. செபாஸ்டியன் எக்கி, திறந்திருந்த கண்ணாடிப் பக்கம் வாயைக் கொண்டுபோனார். "கிளட்ச்சை மெதுவா..." என்று ஆரம்பித்தார்.

கண்ணாடி மூடிக்கொண்டது.

எங்கோ வயர் தொட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். தட்டினார். தள்ளினார். கைப்பிடி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கோந்துத் தடம்கூட இல்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவரே அவர்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் கையாலும் கெட்டது.

முன்னாலிருந்த சிறிய பின்பார்வைக் கண்ணாடியில் சாந்தமேரியின் கண்கள் தெரிந்தன. அவை சிரித்துக்கொண்டிருந்தன.

அவள் சில்லறையை நீட்டினாள். கியர் போட்டாள். வண்டி குலுங்காமல், அணையாமல் கிளம்பியது. கறிப்பானையின் மூடிகூடச் சத்தம் போடவில்லை.

பெட்டாலிங் ஜெயா வரைக்கும் செபாஸ்டியன் கத்துவதற்கு ஒரு தப்பைத் தேடினார். அகப்படவில்லை. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறாளே என்று சந்தோஷம் பொங்கியது. பீரோவில் பதினெட்டு வருடம் கிடந்தது லைசென்ஸ் மட்டும்தானா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மெத்தையில் மல்லாந்து படுத்து, காற்று வாங்கிக்கொண்டு, சீட்டியடித்தார்.

பதினொன்றரைக்கு வண்டி மண்டப வாசலில் நின்றது. பின்கண்ணாடி மெல்லத் திறந்தது.

"டோல்கிட்ட என்னமோ சொல்ல வந்தீங்களே?"

செபாஸ்டியன் தலையைச் சொறிந்தார்.

"போறப்பவும் மூடியே இருக்கட்டும் லா."