அட்டைத் தழும்பு

ஜன்னல் கம்பிகளுக்கிடையே மாலை வெயில் ஜக்கம்மாளின் கால்களில் விழுந்து கிடக்கிறது. கொசு கடித்து வந்த மூளைக்காய்ச்சல் தணிந்து நாற்பது நாளாகிறது. தண்டுவடமும் வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் அவளுக்குத் தெரிவதில்லை. மடியில் முறத்தை வைத்து ஏலக்காய் பொறுக்குகிறாள். மலையிலிருந்து இறங்கி வந்த புருஷன் வெள்ளைத்துரை, அவள் கெண்டைக்காலில் இருக்கும் பழைய அட்டைக்கடித் தழும்பைச் சொறிந்துவிடுகிறான். முன்பெல்லாம் மழை நாளில் அது அரிக்கும்; கேட்காமலே சொறிந்து பழகிய கை. "மேல மழையா?" என்கிறாள். "நல்ல மழை. அட்டையும் சாஸ்தி." அவள் காயிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அங்க இல்ல, இன்னுங் கொஞ்சம் கீழ சொறிங்க." அவன் விரல் அப்படியே நின்றுவிடுகிறது. "என்ன, அதுக்குள்ள கை ஓஞ்சுபோச்சா?" என்றபடி அடுத்த காயை எடுக்கிறாள்.