வெள்ளிக்கிழமை வந்த கார்

"வெள்ளிக்கிழமை ராத்திரி ஒசாகா நம்பர் போட்ட கார் ஒண்ணு நம்ம தெருவுக்குள்ள வந்துச்சாமே, தம்பி?"

கூடையைக் கல்லா மேசையில் வைத்த கையோடு கேட்டாள் தனிமுரா அம்மா. தெருச் சங்கத் தலைவி. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களும் நொபுகியை எடை போட்டன.

அந்த மளிகைக் கடையில் பில் போடுகிறவன் அவன். கொரோனா வந்த வருஷத்தின் கடைசி நாள். கடையில் இரண்டு கல்லா. முதலாளியம்மா கடோவாகியின் வரிசை பால் அலமாரி வரை நீண்டிருந்தது. இவன் பக்கம் ஈ, காக்கை இல்லை. தொற்று மலிந்த ஒசாகாவிலிருந்து திரும்பி வந்தவன் கை பட்ட முள்ளங்கியை வாங்க இந்த டொட்டோரி மாவட்டத்தில் ஆள் கிடையாது. அப்படியிருக்க இந்த அம்மா மட்டும் நேராக இவனிடம் வருகிறாள் என்றால், விசாரிக்கத்தான்.

"ஒசாகா நம்பர் கார் என்கிட்ட இருக்கு, இல்லேங்கலை. நம்பர் மாத்த டவுனுக்குப் போகணும், லீவு கிடைக்கலை. ஆனா அது அதுக்கு முந்தின புதன்கிழமையிலேருந்து நகரவே இல்லைம்மா. மேல முழங்கால் உசரத்துக்குப் பனி. வேணும்னா வந்து பாருங்க."

"நான் எதுக்கு வந்து பாக்கணும்?" வெடுக்கென்று சொன்னாள். "யார் இறங்கினதுன்னு யாராவது பாத்தாங்களாமா? கடையில என்ன பேசிக்கிறாங்க?"

"என்கிட்ட யாரும்மா பேசறாங்க?"

பேசுவதை விடுங்கள். 'நான் இந்த மாவட்டத்தில்தான் வசிக்கிறேன்' என்று எழுதிக் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக்கூட யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள்.

நொபுகியின் கவலை கார் இல்லை, அப்பா. நாளைக்குப் புத்தாண்டு. முதியோர் இல்லத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க அனுமதி. ஆனால் இரண்டு வாரமாக மாவட்டத்தைத் தாண்டாதவன் என்று தெருச் சங்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போனில் அப்பா, "எப்பப்பா ஊருக்கு வரப்போறே?" என்று கேட்டார். வந்து மூன்று மாதம் ஆகிறது என்பதை இவன் சொல்லவில்லை.

"நான் இங்க பொறந்தவன்மா. உங்க பையன் படிச்ச பள்ளிக்கூடத்துலதான் நானும் படிச்சேன்."

"அவனை ஏன் இப்ப இழுக்கிறே?" தனிமுரா அம்மாவின் குரல் உயர்ந்தது. "இந்த ஊர்க்காரன்னா சொல்லு. புத்தாண்டு சூப்புல நாம என்ன போடுவோம்?"

பக்கத்து வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது.

"சிவப்புப் பயறு. சீனி போட்டுத் தித்திப்பா. மோச்சி அரிசிக் கட்டியைச் சுடாம வேக வெச்சுப் போடணும். வெளியூர்க்காரன் பாத்தா, காலங்காத்தால என்னய்யா இனிப்புன்னு கேப்பான்."

"அது போன்ல தட்டினா வந்துடும். டோஃபு சிகுவாவை எத்தனை துண்டா வெட்டுவே?"

"மீனையும் டோஃபுவையும் அரைச்சுக் குழலா வேக வெச்சதை வெட்டறதா? அப்படியே கடிக்கிறதுதான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடோவாகி எட்டிப் பார்த்தாள்.

"தனிமுரா சான், இந்தப் பக்கம் வாங்களேன். நான் பில் போட்டுத் தர்றேன். அங்க போய் ஏன் நிக்கிறீங்க?"

"இருக்கட்டும். எனக்கு இந்தத் தம்பிகிட்ட விசாரிக்க வேண்டியது இருக்கு," என்றாள் தனிமுரா அம்மா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. வரிசை தலையாட்டித் திரும்பிக்கொண்டது.

நொபுகி சாமான்களை எடுத்துக் கணக்கில் ஏற்றினான். பயறு. மோச்சி. சிகுவா. வெங்காயத்தாள் கட்டைத் தூக்கியதும் அடியில் இன்னொரு பாக்கெட் இருந்தது.

வெள்ளை மிசோ. இனிப்பான சோயா விழுது. வருஷக் கடைசியில் நாலே நாலு பாக்கெட் வரும், வந்த மாதிரியே திரும்பிப் போகும். புத்தாண்டு சூப்பில் இதைக் கரைப்பவர்கள் ஒசாகாக்காரர்கள். அங்கே இருந்த வருஷமெல்லாம் அவனும் அதைத்தான் குடித்தான்.

"இதுல சூப்பு எப்படி வைக்கணும்?" தனிமுரா அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

வசமான பொறி. வாயைத் திறந்து பக்குவம் சொன்னால், பயறும் சிகுவாவும் சொன்னதெல்லாம் வேஷம், இவன் ஒசாகாக்காரனேதான் என்று ஆகிவிடும். அப்பாவின் ஜன்னலும் போய்விடும்.

"எனக்குத் தெரியாதும்மா."

"பொய் சொல்லாதே."

"நிசமா தெரியாது. நம்ம ஊர்ல யாரு இதையெல்லாம் வைக்கிறாங்க? நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். இல்லத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவள் கடோவாகியின் வரிசையை ஒரு தடவை பார்த்தாள். கையுறை போட்ட கையால் பாக்கெட்டை மூடிக்கொண்டு, மேசை மீது சாய்ந்தாள். கண்ணில் அதுவரை இருந்த மிடுக்கு இல்லை.

"இல்லத்துக்குக் காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன். நாளைக்குப் போய் அப்பாவைப் பாரு."

"என் மேல அவ்வளவு சந்தேகப்பட்டீங்களேம்மா?"

"வெள்ளிக்கிழமை வந்தது உன் கார் இல்லைன்னு என்னைவிட வேற யாருக்குடா தெரியும்?" என்றாள் அவள், முகக்கவசத்துக்குள்ளேயே முணுமுணுத்து. "வந்தது என் பையன். காரை எங்க கொட்டகையிலதான் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். ஒசாகாவுல பொறந்த பேத்தி, நம்ம தித்திப்பு சூப்பைத் தொடவே மாட்டேங்குது. சீக்கிரம் சொல்லு, முதல்ல போடறது மோச்சியா, மிசோவா?"