முன்னங்காலருகே

செம்பாக்கத்தில் ஜெயவேலுவின் மாட்டுக் கொட்டகையின் பின்மூலையில், செத்த கன்றின் வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள் கால்நடை டாக்டர் ஸ்நேகா. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே சாயங்கால வெயில் ஈரக் குடல்மேல் விழுகிறது. எவனோ விஷம் வைத்துவிட்டான் என்று சொல்லித்தான் ஜெயவேலு அவளைக் கூட்டிவந்தான். அவள் ஈரலைக் கையுறையில் ஏந்திக் காட்டுகிறாள். இவ்வளவு சின்ன ஈரலை ஆட்டுக்கறிக் கடையில்தான் அவன் பார்த்திருக்கிறான். “விஷமெல்லாம் இல்லண்ணா. தலை, இதயம் எல்லாம் வளர்ந்திருக்கு. ஈரலும் குடலும்தான் பால் பத்தாம பாதி சைஸ்ல நின்னுபோச்சு. கன்னுக்கு எவ்ளோ பால் விட்டீங்க?” “மடி சுரக்கற வரிக்கும் நாலு வாய் வுடுவேன் டாக்டரம்மா. அப்பால தாயோட முன்னங்காலாண்ட கட்டிப்புட்டு கறந்துக்குவேன். அல்லாரும் அப்டித்தான் பண்றாங்கோ.” அவள் அடுத்த மாட்டின் கன்றைக் காட்டுகிறாள், அதற்கும் விலா எலும்புகள் தெரிகின்றன. “அதையாவது வயிறு நிறையக் குடிக்க விடுங்க. இப்பவே.” வாசலில் பால் வாங்க வந்தவர்களின் தூக்குவாளிகள் இடிபடுகின்றன. “இன்னா ஜெயவேலு, பால் வருமா, நாங்களே வந்து கறந்துக்கவா?” என்று யாரோ கத்துகிறார்கள். ஜெயவேலு அந்தக் கன்றை முளையிலிருந்து அவிழ்க்கிறான். அது மடியை முட்டி முட்டிக் குடிக்கிறது. கடைவாயில் நுரை கட்டுகிறது. கயிறு கையில் இருந்தும் அவன் இழுக்கவில்லை. நாலு வாய் குடித்ததும் கன்று தானாகவே காம்பை விட்டுவிட்டு, தாயின் முன்னங்காலருகே போய்த் தலையைத் தாழ்த்தி நிற்கிறது.