பூவா தலையா

புல் கெடக்கூடாது என்று சொல்லித்தான் பங்களாவின் புது முதலாளி கேட்டைத் திறந்துவிட்டார். தாவீதுக்கு அது தெரியாதா? இந்தப் புல்வெளியை வளர்த்ததே அவன் அப்பாதான். ஒரு பிள்ளையைத்தான் டவுன் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்று ஆனபோது, அவர் இங்கே நின்றுதான் நாணயத்தைச் சுண்டினார். பூ விழுந்தால் அக்கா, தலை விழுந்தால் தம்பி. அது மழை ஈரத்தில் எங்கோ விழுந்து புதைந்தது. இருட்டும்வரை மூவரும் புல்லைக் கோதிக் கோதித் தேடினார்கள். கடைசியில், "சரி, பையன் போகட்டும்" என்றார் அப்பா.

தலை நரைத்த பிறகு இப்போது அக்காவும் தம்பியும் வந்திருக்கிறார்கள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்; அது ஓரிடத்தில் கீச்சிட்டது. தாவீது, அப்பா செய்வதுபோலவே, மூன்று பக்கம் மட்டும் கத்தியால் கீறினான். நாலாவது பக்கத்து வேர் பிடித்துக்கொண்டிருந்தால் புல் பிழைத்துவிடும். ஈரமண் வாசனை எழுந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"தள்ளுடா, நான் பாக்கறேன்."

ரோசம்மாள் மண்டியிட்டு, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல் புல்லைத் தூக்கினாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவன் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டாள்.

"என்னக்கா, பூவா தலையா?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் அந்த இடத்தை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வேர் காயறதுக்குள்ள தண்ணி கொண்டாடா."