யாரோ ஒரு கிழவி

“பெத்த அம்மாவப் பாக்க வக்கில்ல. இவன் ஊருக்கெல்லாம் ஃபாதராம்!”

ஆன்சி செல்போனைக் கட்டில் மேல் விட்டெறிந்தாள். அது அம்மா பிலோமினாளின் காலடியில் போய் விழுந்தது. அம்மா கண் திறக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து பாதி நேரம் மயக்கம் மாதிரி ஒரு தூக்கம்தான்.

கட்டிலின் அந்தப் பக்கம் சிஸ்டர் லூச்சியா, அம்மாவின் முதுகுப் புண்ணில் ஒட்டியிருந்த துணியை மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தார். இத்தாலிக்காரர். ஜவ்வாது மலைக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவர். ஜமுனாமரத்தூரைச் சுற்றிப் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போய்க் கட்டுப் போடுவார். தினமும் அதுதான் வேலை.

“தம்பி பெல்வின் கிறிஸ்துமஸுக்கு வர மாட்டானாம் சிஸ்டர். லீவு கெடச்சும் வர மாட்டானாம்!”

சிஸ்டர் துணியின் ஓரத்தை ஈரப்படுத்தினார்.

“அங்க யாரோ ஒரு கிழவி சாவக் கெடக்குதாம். அத்த வுட்டுட்டு வர முடியாதாம். இங்க கெடக்குறது இன்னா, கட்டையா?”

துணி கையோடு வந்தது. புண்ணைப் பார்த்ததும் சிஸ்டரின் முகம் சிவந்தது.

“பெருசாயிருக்கு. ராத்திரி திருப்பிப் படுக்க வெக்கலியா?”

“தூங்கிட்டேன்.”

“தூங்கிட்டியா? எத்தினி வாட்டி சொல்றது உனக்கு? ஒரே பக்கமா படுத்தா சதை அழுவிப் போவும். இப்பதான் ஆற ஆரம்பிச்சுது. எல்லாம் போச்சு! இன்னா பொண்ணு நீ?”

சிஸ்டர் இப்படிக் கத்தி ஆன்சி கேட்டதே இல்லை. அதுவும் இன்றைக்கா?

“இன்னா பொண்ணா? பீ மூத்திரம் அள்றவ நான். தையல் கடைய மூடினவ நான். கல்யாணத் துணிய வாங்கி வெச்சிக்கினு தெக்க முடியாம, சந்தையில அத்தன பேரு முன்னாடி ஏச்சு வாங்கினவ நான். அவன் வெள்ள அங்கிய மாட்டிக்கினு ஊரான் வூட்டுக் கிழவிக்குக் கஞ்சி ஊத்துவான். பேரு அவனுக்கு, திட்டு எனக்கா?”

“சரி வுடு. அம்மாவப் புடி, திருப்பணும்.”

“உங்க நாட்டுக்குத்தானே போயிருக்கான்? அங்க சாமியாருக்குப் பஞ்சம்னா, எங்க அம்மா புள்ளதான் கெடச்சானா?”

இரண்டு பேருமாகப் பிடித்துத் திருப்பினார்கள். அம்மா முனகினாள்.

“பெல்வின் வந்துட்டானா?”

“வருவான், வருவான்! நீ செத்தப்பறம் பூசை வெக்க வருவான்!”

“ஆன்சி! அப்படிப் பேசாத.”

“ஏன் பேசக் கூடாது? நீங்களும் அவன மாதிரிதானே? பெத்தவள அம்போன்னு வுட்டுட்டு மலையேறி வந்துட்டீங்க. அம்மாவ வுட்டுட்டு வந்தவங்களுக்கு அம்மாவோட அரும இன்னா தெரியும்?”

சொன்ன பிறகு ஆன்சிக்கே அது அதிகம் என்று பட்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கோபம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் புண்ணைத் துடைத்தார். மருந்தைப் பூசினார். புதுத் துணியை வைத்து ஒட்டினார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்தார்.

போன் அடித்தது. பெல்வின்தான். வீடியோ கால்.

ஆன்சி பாய்ந்து எடுத்தாள். “எங்கடா அந்த மகராசி? காட்டு! பெத்தவளவிட ஒசந்தவளாமே, நானும் பாக்குறேன்!”

“வேணாங்க்கா. அப்பறம் பேசலாம். பக்கத்துல யாரு?”

“யாரு இருந்தா உனக்கு இன்னா? காட்டுடா! இப்ப காட்டலன்னா இனிமே இந்த வூட்டுக்குப் போன் பண்ணாத!”

அவன் எழுந்து நடப்பது தெரிந்தது. பிறகு படம் மெதுவாகத் திரும்பியது.

ஒரு படுக்கை. ஒட்டிய கன்னம், மூக்கில் குழாய், மூடிய கண்கள். கழுத்து வரை கம்பளி போர்த்திய ஒரு வெள்ளைக்காரக் கிழவி.

ஆன்சி போனை சிஸ்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாருங்க சிஸ்டர், நல்லா பாருங்க! இதுக்காகத்தான் எங்க அம்மா இங்க ஏங்கிக்கினு கெடக்குது!”

சிஸ்டர் பார்த்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல், இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டார்.

“மம்மா,” என்றார்.

கிழவியின் இமை அசைந்தது. சிஸ்டர் தன் பாஷையில் விடாமல் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். ஆன்சிக்கு எதுவும் விளங்கவில்லை. ‘மம்மா’ மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

ஆன்சி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“டேய்... பெல்வின்... இவங்க...”

“சொல்லக் கூடாதுன்னு சிஸ்டர்தான் சத்தியம் வாங்கிட்டாங்கக்கா,” என்றான் பெல்வின். “டிக்கெட் போட்டுத் தர்றேன், ஒடனே கெளம்பி வாங்கன்னு போன வாரமே கூப்ட்டேன். நீ அங்க ஒண்டியா தவிக்கிறியாம். நம்ம அம்மா புண்ணு ஆறட்டும், அப்பறம் வர்றேன்னுட்டாங்க.”