நன்றி என்றால் போதும்

"வர்றா பாரு. இன்னைக்காவது தலைய நிமிர்த்துறாளான்னு பாப்போம்."

பெலிசா உரலில் புதினாவை இடித்துக்கொண்டே சொன்னாள். சந்தை முனையில் அவளுடைய மூலிகைக் கடை. வெயில் ஏறுவதற்குள் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இலையும் இடித்த மூலிகையும் போட்டுக் குளிர்ந்த நீர் ஊற்றிய தெரெரே, ஒரே கொம்புக் குவளையில் கை மாறிக்கொண்டே போகும். கூடவே ஊர்ப்பேச்சும்.

தெருவில் வந்தவள் ரமோனா. குடும்ப நல அலுவலகத்தில் சமூகப் பணியாளர்.

"நம்ம தெருவுலேர்ந்து எவளோ ஒருத்தி இவகிட்ட போய்ட்டு வர்றாளாம்," என்றாள் செஃபெரினா. "புருஷன் அடிக்கிறான்னு கதை சொல்றாளாம்."

"யாரு அத்தை?" பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டிருந்த மருமகள் சுனில்தா கேட்டாள்.

"தெரிஞ்சா விட்டு வைப்பாங்களா? என் வீடா இருந்தா, புள்ளைய வாங்கி உள்ள வச்சுக்கிட்டு ஆள மட்டும் வெளிய தள்ளிக் கதவச் சாத்துவேன்." செஃபெரினா குரலைத் தாழ்த்தினாள். "அவளக் கூப்பிடு பெலிசா. உக்காரட்டும். யாரப் பாத்துச் சிரிக்கிறா, எவ மூஞ்சி மாறுதுன்னு பாத்துருவோம்."

பெலிசாவுக்கும் கூப்பிட ஆசைதான். காரணம் வேறு. ரமோனா அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பெலிசாவின் மகனுக்கு ஞானத்தாய். இந்த வேலைக்குப் போனதிலிருந்து தெருவில் எதிரே வந்தால் ஒரு தலையசைப்புகூடக் கிடையாது. பெலிசாவுக்கு மட்டுமல்ல, யாருக்கும். பாதிரியாருக்கும்.

"ரமோனா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போடி."

பெலிசா குவளையை நீட்டினாள்.

ரமோனா நின்றாள். ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. உரலைப் பார்த்துச் சொன்னாள்.

"நன்றி."

குடித்து முடித்துக் குவளையைத் திருப்பித் தரும்போது சொல்கிற சொல் அது. போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். ஒரு வாய்கூடக் குடிக்காமல் சொன்னால் அர்த்தம் வேறு.

பெலிசாவின் கை நீட்டியபடியே இருந்தது.

"பாத்தீங்களா?" சுனில்தா குரலை உயர்த்தினாள். "நம்ம வாய் வச்சதுல மகராசி வாய் வைக்க மாட்டாளாம். படிச்ச திமிரு."

"விடு சுனில்தா," என்றாள் பெலிசா.

"எதுக்குக்கா விடணும்? குடும்பத்தப் பிரிச்சு வைக்கிறதுக்குன்னே இவளுக்குச் சம்பளம். ஒரு வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டா அன்னைக்கு இவளுக்குத் தூக்கம் வராது."

ரமோனா குடையின் கொக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அது சிக்கிக்கொண்டிருந்தது.

செஃபெரினா மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ புருஷன் ஏன் ஓடினான்னு நெனைக்கிறீங்க?" என்றாள் சுனில்தா. "படுக்கையிலயும் விசாரணை பண்ணிருப்பா. எங்க போன, யாரப் பாத்த, இதுல ஒரு கையெழுத்துப் போடுன்னு."

செஃபெரினா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மருமகளின் தொடையில் தட்டினாள். "என் மருமக வாயப் பாரு."

சுனில்தா குவளையை வாங்கி, ஊறிப்போன சக்கையைத் தெருவில் கொட்டினாள். கொஞ்சம் ரமோனாவின் செருப்பில் விழுந்தது. ரமோனா காலை உதறினாள். குடை விரிந்தது. நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை பெலிசா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ரமோனா வீட்டுக்கு அனுப்புவதற்காகக் கட்டி வைத்திருந்த எலுமிச்சைப் புல்லை எடுத்துப் பிரித்து மற்றதோடு கலந்தாள்.

"இனிமே அவ வேற கடை பாத்துக்கட்டும்."

மதியம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. தெருவில் நாய்கூட இல்லை. குடும்ப நல அலுவலகத்தின் பின்கதவை யாரோ விரல் நுனியால் தட்டினார்கள்.

ரமோனா திறந்தாள்.

தோளில் குழந்தையோடு சுனில்தா.

"மாமியார்?"

"தூங்குறாங்க மேடம். எந்திரிக்கிறதுக்குள்ள போயிரணும்."

ரமோனா அவளுடைய சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளிப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் கீழே இறக்கிவிட்டாள்.

"வியாழக்கிழமை பஸ்ஸு. துணிமணி எதுவும் எடுக்காத. சந்தைக்கு வர்ற மாதிரியே வா. எறங்குற எடத்துல ஒரு அம்மா நிப்பாங்க."

தெரெரே குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இன்று பெலிசா கடை மூலிகை இல்லை, வெறும் இலைதான். சுனில்தா ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"ரொம்ப நன்..."

"இப்பச் சொல்லாத. இன்னும் பஸ் ஏறல."

சுனில்தா கதவருகே தயங்கினாள். "பெலிசா அக்கா மொகத்தப் பாக்க முடியல மேடம். அவங்களப் பாத்தாவது நீங்க ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கலாம்."

"அவளப் பாத்துச் சிரிச்சா, யாரப் பாத்துச் சிரிக்கலைன்னு உன் மாமியார் யோசிப்பாங்க."

ரமோனா நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வாரில் இன்னும் சக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் சுரண்டினாள்.

"படிச்ச திமிரு, சம்பளம், எல்லாம் சரியாச் சொன்ன. நான் சொல்லிக் குடுத்தபடியே. புருஷன் ஓடினது மட்டும் நான் சொல்லிக் குடுக்கலையே."

சுனில்தா குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை என்னையே பாத்துட்டு இருந்தாங்க மேடம். பயத்துல வாயில வந்துருச்சு."

ரமோனா செருப்பைக் கீழே வைத்தாள்.

"பரவால்ல. அதுக்குத்தான் அவங்க சிரிச்சாங்க. நாளைக்கும் அதையே சொல்லு."